‘கள்வன்’ என்ற சொல் எந்த வாசல் வழியாக வந்தது? கோவலன் வழக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பாடம் எடுக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாளில் ‘கூற்று – காரணம்’ என்று ஒரு வகைக் கேள்வி வரும். மேலே ஒரு கூற்று, கீழே ஒரு காரணம். இரண்டும் சரி, காரணம் கூற்றைச் சரியாக விளக்குகிறது என்பது ஒரு விடை. இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை என்பது இன்னொரு விடை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்.

ஒருநாள் பலகையில் இப்படி எழுதினேன். கூற்று: மலைமேல் இருக்கும் ஊரில், திறந்த பானையில் அரிசி வேக அதிக நேரம் ஆகிறது. காரணம்: மலைமேல் குளிர் அதிகம். முக்கால்வாசிப் பேர் ‘சரியான விளக்கம்’ என்று குறித்துவிட்டார்கள். உண்மையில் மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே கொதித்துவிடுகிறது. அந்தக் குறைந்த சூட்டில் அரிசி மெல்ல வேகிறது. அங்கே குக்கர் கைகொடுப்பதும் உள்ளே அழுத்தத்தைக் கூட்டுவதால்தான். குளிரால் தண்ணீர் சூடேறக் கொஞ்சம் தாமதமாகலாம். கொதிக்கும் சூட்டை அது மாற்றாது. பின்வரிசைப் பெண் ஒருத்தி விடவில்லை. “சார், குளிர் அதிகம்ங்கிறது உண்மைதானே?” உண்மைதான். அந்த உண்மை இந்த இடத்தில் எதையும் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாக்கியம் உண்மையா என்று பார்ப்பது ஒரு வேலை. அந்த வாக்கியத்தை ஒருவர் எதற்காகச் சொன்னார், அவருடைய வாதத்தில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்து கோவலன் வழக்கைப் போல ஒரு வழக்கு இல்லை. எல்லோருக்கும் கதை தெரியும். அதனால் ‘அடுத்து என்ன’ என்ற பரபரப்பு இல்லாமல், யார் எந்தச் சொல்லை எதற்குச் சொன்னார்கள் என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது.

கையில் எடுத்துக்கொள்ளும் கருவி

சிலப்பதிகாரத்தை உ.வே.சா. 1892-இல் பதிப்பித்தார், மணிமேகலையை 1898-இல். இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். ஒன்றில் வழக்கு இருக்கிறது, மற்றதில் அந்த வழக்கை அளக்கும் கோல் இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில், பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லித் தருகிறார். வாதத்தின் உறுப்புகளை அங்கே எண்ணிச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற பொது விதியை நாம் கண்ணால் பார்த்த இடம் அது. இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று திருப்பிப் பொருத்துவது உபநயம். முடித்துச் சொல்வது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்று அடிகளே சொல்லிவிடுகிறார். ஆக, முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பாடத்தில் சுலபம். ‘ஆதலால்’ என்று ஒட்டுச்சீட்டே போட்டிருக்கிறார்கள். மனிதர்கள் பேசும்போது அப்படிப் போட்டுக்கொண்டு பேசுவதில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: காரணம் பெரும்பாலும் தனி வாக்கியமாக வராது. ஒரு பெயரெச்சத்துக்குள், வினையெச்சத்துக்குள், சில சமயம் விளிக்கிற சொல்லுக்குள் கூட ஒளிந்துகொள்ளும். அதனால் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். இந்தச் சொல்லுக்கு ‘ஏன்?’ என்று கேட்டால் பேசியவரிடமே பதில் இருக்கிறதா? இருந்தால் அது பக்கம். இதை எடுத்துவிட்டால் எது சரிகிறது? சரிவது எதுவோ அதைத்தான் இது தாங்கிக்கொண்டிருந்தது. எதுவுமே சரியவில்லை என்றால் அது பின்னணி, இல்லையென்றால் அலங்காரம்.

ஒரே பேச்சு, மூன்று வேலை

சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்கு வந்த கோவலன், பொற்கொல்லனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறான்: ‘காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கு அணி நீ விலையிடுதற்கு ஆதியோ?’ அரசன் தேவிக்கு ஆகக்கூடிய ஒரு கால் நகைக்கு விலை சொல்ல உன்னால் முடியுமா என்று. ‘தேவிக்கு ஆவது’ என்பது இங்கே தரத்தைச் சொல்கிறது. இன்றும் துணிக்கடையில் “கல்யாணப் பொண்ணு கட்டுற புடவை இது” என்பார்கள். அது யாருடைய புடவை என்பதைப் பற்றிய பேச்சு இல்லை; விலையைப் பற்றிய பேச்சு.

கொல்லனின் பதிலில் ‘அடியேன் அறியேன் ஆயினும்’ என்று ஒரு பணிவு. ‘ஆயினும்’ வந்ததுமே நாம் சுதாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது விட்டுக்கொடுத்தது; பின்னால் வருவதுதான் அவன் நிறுத்த விரும்புவது: வேந்தரின் முடி முதலான அணிகளைச் செய்பவன் நான். தன் சொல்லுக்கு எடை சேர்க்கும் கூற்று இது, அவ்வளவே. பொய்யும் இல்லை. சிலம்பைப் பார்த்த பிறகு சொல்கிறான்: ‘கோப்பெருந் தேவிக்கு அல்லதை இச்சிலம்பு யாப்புறவு இல்லை.’ பெருந்தேவிக்கு அன்றி வேறு யாருக்கும் இது பொருந்தாது.

கோவலன் காதில் இது பாராட்டாக விழுந்திருக்கும். தன் வாயிலிருந்து போன சொல்லே கொஞ்சம் கூடுதல் மெருகோடு திரும்பி வந்திருக்கிறது. ஆனால் மெருகில் ஒரு சொல் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். கோவலன் சொன்னது ‘தேவிக்கு ஆகும்’. கொல்லன் சொன்னது ‘தேவிக்கு அல்லாமல் ஆகாது’. முதலாவது தகுதி. இரண்டாவது வேறு எல்லோரையும் வெளியே தள்ளும் கூற்று. அதை ஏதுவாக வைத்தால், இது தேவியுடையதே என்ற பக்கம் தானாக எழுந்து நிற்கும். விற்பவன் விலைக்காகச் சொன்னது, வாங்குகிறவன் வாயில் புகழ்ச்சியாகி, அரண்மனை வாசலில் குற்றச்சாட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டது. சொல் ஏறக்குறைய அதேதான். பார்த்த வேலை மூன்று.

அரசியின் சிலம்பைத் திருடியவன் இந்தக் கொல்லனே. அது வெளிப்படும் முன், ‘புலம்பெயர் புதுவன்’ ஒருவனை வைத்து அரசனின் ஐயத்தைப் போக்கிக்கொள்ளலாம் என்று அவன் மனக்கணக்குப் போடுவதைக் காப்பியம் நமக்குச் சொல்லிவிடுகிறது. அயலூரான், சாட்சி சொல்ல ஆளில்லாதவன். தெரிந்துதான் தேர்ந்தெடுக்கிறான்.

அரசன் வாயில் வந்த ‘ஆகின்’

கொல்லன் அரசன் காலில் விழுகிற இடம் எது என்று வகுப்பில் கேட்பேன். பெரும்பாலும் ‘அரசவை’ என்பார்கள். இல்லை. ஆடல் பார்த்துக்கொண்டிருந்த அரசி ஊடலோடு, தலைநோவு என்று சாக்குச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேடி அரசன் அவள் இருக்கும் அரண்மனையை நோக்கி நடக்கிறான். அந்த வாசலில்தான் இவன் குறுக்கே விழுகிறான். தன் சிலம்புக்குள் இருப்பது முத்தா மணியா என்று உடனே சொல்லக்கூடியவள், அந்தக் கதவுக்கு அப்பால் இருந்தாள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

கொல்லன் சொல்வதன் சாரம்: கன்னக்கோலும் இல்லாமல், கவைக்கோலும் இல்லாமல், மந்திரத்தையே துணையாகக் கொண்டு, வாயிற்காவலரை மயக்கித் தூங்கவைத்து, அரண்மனைச் சிலம்பைக் கொண்டுபோன கள்வன் என் சிறு குடிலில் இருக்கிறான். கன்னகம் இன்றியும் கவைக்கோல் இன்றியும் என்ற துண்டு எதற்கு? திருடன் என்பதற்கு அது ஆதாரம் இல்லை. ‘சுவரில் ஓட்டை இல்லையே, கதவு உடையவில்லையே, எப்படித் திருடினான்?’ என்று அரசன் கேட்கக்கூடிய கேள்விக்கு முன்கூட்டியே போட்ட அடைப்பு அது. தடயம் இல்லாததே திறமைக்கு அடையாளம் ஆகிவிட்டது. ‘கள்வன்’ என்ற சொல்லோ, இத்தனை எச்சங்களையும் தோளில் போட்டுக்கொண்டு, வாக்கியத்தின் எழுவாயாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நிறுவ வேண்டிய பக்கம் எழுவாய் இடத்துக்கு வந்துவிட்டால், கேட்கிறவர் அதைத் தாண்டிப் பயனிலைக்குப் போய்விடுவார். பயனிலை என்ன? ‘குடிலில் இருக்கிறான்.’ அரசன் மனம் அங்கே போய்விட்டது: எங்கே இருக்கிறான், கையில் இருக்கிறதா?

அரசன் கட்டளை வருகிறது:

‘தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு
கன்றிய கள்வன் கையது ஆகின்
கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.’

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை ‘ஆகின்’ என்பதைச் சுட்டிக்காட்டி, “அரசன் நிபந்தனை போட்டுத்தானே சொன்னார்?” என்று கேட்கும். மிக நல்ல கேள்வி. நிபந்தனை இருக்கிறது. எதன்மேல் இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்போம். ‘கையது ஆகின்’: கையில் இருக்குமானால். இருப்பிடத்தின்மேல் மட்டும்தான் நிபந்தனை. கையில் இருப்பது தேவியின் காற்சிலம்புதானா என்பது நிபந்தனைக்குள் வரவில்லை. ‘தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு’ என்று பெயராகவே வந்துவிட்டது. வைத்திருப்பவன் கள்வனா என்பதும் வரவில்லை. ‘கன்றிய கள்வன்’ என்று, அதுவும் தொழிலில் தேறிய கள்வன் என்று, பட்டமாகவே வந்துவிட்டது. கொல்லன் சொன்னதில் ‘கன்றிய’ கிடையாது. அதைச் சேர்த்தவன் அரசன்.

ஆக, சோதிக்க வேண்டியவை இரண்டு. அவை இரண்டும் பெயர்களாகிச் சோதனைக்கு வெளியே போய்விட்டன. சோதிக்கத் தேவையே இல்லாத ஒன்று, கோவலன் தானே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்த ஒன்று, நிபந்தனையாக நிற்கிறது. சிலம்பு அவன் கையில் இருக்கும்தான். திருடியிருந்தாலும் இருக்கும், மனைவியின் சிலம்பானாலும் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கிற இந்த மாதிரி ஏதுவை மணிமேகலை ‘அநைகாந்திகம்’ என்கிறது. ஏதுவே நிறுவப்படாமல் தொங்கினால் அது ‘அசித்தம்’. கொல்லனின் பேச்சு அசித்தம். அரசன் வைத்த சோதனை அநைகாந்திகம். இரண்டும் ஏதுப் போலிகள்.

இந்த இடத்தில் காப்பியம் அரசனைப் பற்றிச் சொல்லும் சொல் ‘தேரான் ஆகி’. வினை விளையும் காலம் ஆதலால் ஆராயாதவன் ஆனான் என்று. ஊழ் ஒருபுறம் இருக்கட்டும். ‘தேரான்’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காவலர்கள் நிறுத்திப் பார்த்தார்கள்

பாடப் புத்தகத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஒரு வரியில் போய்விடும். எனக்கு இதுதான் வழக்கின் நெஞ்சு.

கொல்லன் காவலர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். கோவலனிடம், மன்னன் ஏவலால் சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் என்கிறான். காவலர்களிடம் சிலம்பின் வேலைப்பாட்டை எல்லாம் எடுத்துக் காட்டுகிறான். அவர்கள் சிலம்பைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கிறார்கள். ‘இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கு இவன் கொலைப்படு மகன் அலன்.’ கோவலன் உயிரோடு இருந்தவரை அவனுக்காக ஒலித்த ஒரே எதிர்க்கூற்று இது. ‘கொலைப்படு மகன் அலன்’ பக்கம். ‘இலக்கண முறைமையின் இருந்தோன்’ ஏது. முகக்குறியை வைத்து ஒருவன் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது வலுவான ஏது இல்லைதான். ஆனாலும், அந்த நேரத்தில் அதன் வேலை கோவலனை விடுவிப்பது இல்லை, கையை நிறுத்துவது. அதற்கு அந்த ஏது போதுமானதாக இருந்தது.

கொல்லன் சிரித்துக்கொண்டே பாடம் எடுக்க ஆரம்பிக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்கிறான். பகலில் தூதனைப் போல வந்து, இரவில் பெண்ணுருவில் புகுந்து, இளவரசனின் ஆரத்தைக் கழற்றிப்போன கள்வன் ஒருவன் கதையும் வருகிறது. வகுப்பில் இந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கேட்பேன்: இந்த எட்டில் எது கோவலன் திருடினான் என்று காட்டுகிறது?

அமைதியாகிவிடுவார்கள். ஒன்றுமே காட்டவில்லை. எட்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கோவலன்மேல் உள்ள குற்றச்சாட்டு முன்பிருந்ததைவிடத் துளியும் மெலியவில்லை, ஏனென்றால் இந்த எட்டும் அதைத் தாங்கவே இல்லை. ஆனால் காவலரின் மறுப்பு உடனே உயிர்பெற்று எழுந்துவிடுகிறது. அப்படியானால் இந்த நீண்ட பேச்சின் வேலை அந்த மறுப்பை முடக்குவதுதான். ‘பார்க்க நல்லவனாகத் தெரிகிறானா? நல்ல கள்வன் அப்படித்தான் தெரிவான்.’ சொல்லப்பட்ட ஒவ்வொரு செய்தியும் உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கள்வர்கள் அப்படிப்பட்டவர்களாகவே இருக்கட்டும். இவன் கள்வனா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. இதைவிட மோசம், கோவலன் இனி என்ன செய்தாலும், பயந்தாலும் பயப்படாவிட்டாலும், பேசினாலும் பேசாவிட்டாலும், அது கள்வனின் எட்டில் ஒன்றாகிவிடும். அவனைக் காப்பாற்றக்கூடிய எந்தச் சான்றும் உள்ளே வர வழி இல்லாமல் அடைத்துவிட்டான். குடிலைப் பற்றிச் சொன்னபோது சுவருக்குச் செய்ததை இப்போது முகத்துக்குச் செய்கிறான்.

அதற்கு மேல் ஒரு இளங்காவலன் பேசுகிறான். மாரிக்கால நள்ளிரவு, ஊர் உறங்கும் நேரம், நீல ஆடையும் கையில் உளியுமாக ஒருவன் எதிரே வந்தான்; நான் வாளை உருவினேன், என் வாளையே பிடுங்கிக்கொண்டான், பிறகு எங்கும் அவனைக் காணவில்லை. அரிது இவர் செய்தி. அப்புறம் சொல்கிறான்: செய்யாவிட்டால் அரசன் நம்மை வருத்துவான், தக்கது ஒன்று சொல்லுங்கள். அவனுடைய பயம் எனக்குப் புரிகிறது. அந்த இரவை அவன் மறக்கவில்லை. ஆனால் ‘அரசன் வருத்துவான்’ என்பது கோவலனைப் பற்றிய ஏது இல்லை. அது தங்களைப் பற்றிய ஏது. ‘இவன் கள்வனா?’ என்று நடந்துகொண்டிருந்த பேச்சு, இந்த வாக்கியத்தோடு ‘நாம் என்ன செய்தால் தப்பிப்போம்?’ என்ற வேறு பேச்சாக மாறிவிட்டது. மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

‘ஆகவே இவன் கள்வன்’ என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. நிகமனம் இல்லாமலே கல்லாக் களிமகன் ஒருவன் கைவாளை வீசிவிட்டான்.

கண்ணகி எதை மறுத்தாள், எதை விட்டுவிட்டாள்

வழக்குரை காதை இருபதாவது. ‘யாரையோ நீ மடக்கொடியோய்?’ என்று அரசன் கேட்கிறான். கண்ணகியின் பதிலில் முதலில் வருபவை சோழர் கதைகள்: புறாவின் துயர் தீர்த்தவன், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட மகனையே தேர்க்காலில் இட்டவன். பெரும்பெயர்ப் புகார் என் ஊர். இந்தக் கதைகளை எடுத்துவிட்டால் கோவலன் குற்றமற்றவன் என்ற வாதம் சரிகிறதா? இல்லை. அப்படியானால் ஊர்ப்பெருமைதானா? அதுவும் முழு விடை இல்லை. கோவலன் வழக்குக்கு அவை சான்று இல்லை. அரசன் வழக்குக்கு அவை அளவுகோல். குற்றம் தன் வீட்டில் இருந்தாலும் தண்டிப்பதுதான் முறை என்று, எதிரே இருப்பவனை அளக்கும் கோலை முதலில் தரையில் ஊன்றிவிட்டுப் பேசுகிறாள்.

மாசாத்துவான் மகன் என்கிறாள். ‘பெரிய குடும்பத்துப் பிள்ளை, திருடுவானா?’ என்று வாதாட இடம் இருந்தும் அதைச் செய்யவில்லை. வாதத்தின் உயிர் ஒரு வினையெச்சத்துக்குள் இருக்கிறது: ‘என்காற் சிலம்பு பகர்தல் வேண்டி.’ பகர்தல் என்றால் விற்றல். என் கால் சிலம்பு. அரசன் கட்டளையில் இருந்த ‘தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு’ என்ற பெயருக்கு நேர் எதிர்ப்பெயர். பெயராக நுழைந்ததைப் பெயராலேயே மறுக்கிறாள்.

அரசன் பதில்: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.’ பிள்ளைகளில் பாதிப்பேர் இதை அரசன் வாதத்தின் முடிவு என்பார்கள். ‘ஏன்?’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்வேன். அரசனிடம் அதற்குப் பதில் எதுவும் இல்லை, அதை அவன் நிறுவவும் முயலவில்லை. இது ஊரறிந்த பொதுவிதி. திட்டாந்தத்தின் இடத்தில் நிற்கிறது. முழு வாதம் இப்படி: கள்வனைக் கொல்வது முறை, கோவலன் கள்வன், ஆகவே நான் முறை தவறவில்லை. நடுவில் உள்ளதை அரசன் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாத அதுதான் வழக்கு.

கோபத்தோடு வந்த ஒருத்தி, வெட்டுண்டு கிடந்த கணவனைப் பார்த்துவிட்டு வந்தவள், அந்த விதியின்மேல் பாய்ந்திருக்கலாம். ‘கொல்வது முறையா?’ என்று கேட்டிருந்தால் சபை இரண்டாகியிருக்கும். வழக்கு அறத்தைப் பற்றிய நீண்ட விவாதமாகியிருக்கும். கோவலன் கள்வன் என்பது அப்படியே கேள்வியின்றி நின்றிருக்கும். கண்ணகி அதைத் தொடவே இல்லை. விதியை அரசனுக்கே விட்டுவிட்டு, சொல்லாமல் விட்ட நடுவாக்கியத்தின்மேல் விரல் வைக்கிறாள்: ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.’

அரி என்பது சிலம்பின் உள்ளே ஒலிப்பதற்காக இடும் பரல். அவள் சிலம்பில் மாணிக்கப் பரல். தனியாகப் பார்த்தால் இந்த வாக்கியம் எதையும் நிறுவவில்லை. யாரும் தன் சிலம்பில் மாணிக்கம் என்று சொல்லலாம். இது பாதிச் சோதனை. மறுபாதி அரசன் வாயிலிருந்து வர வேண்டும், சிலம்பு உடைவதற்கு முன்னால் வர வேண்டும். உடைத்த பிறகு ‘எங்கள் சிலம்பிலும் மணிதான்’ என்று சொல்லிவிட முடியும் அல்லவா? அரசன் முன்னாலேயே சொல்கிறான்: ‘தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி, யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே.’ நீ சொன்னது நேரான நல்ல சொல். எங்கள் சிலம்பில் முத்து. தருக என்று தந்து தானே முன்னால் வைக்கிறான். பாண்டியனை நான் மதிக்கும் இடம் இது. காலையில் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கண்ணகி கேட்டதும், எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் தன்னைத் தானே கட்டிப்போடும் பதிலைச் சொல்கிறான்.

சிலம்பு உடைகிறது. மணி தெறிக்கிறது, மன்னவன் வாயருகே. இப்போது எது நிறுவப்பட்டது? ‘இது தேவியின் சிலம்பு அல்ல’ என்பது நிறுவப்பட்டது. ‘இது கண்ணகியின் சிலம்பு’ என்பதற்கு உடைந்த மணி மட்டும் போதாது என்று ஒரு மாணவர் விடாப்பிடியாக நின்றார். வேறு யாரிடமோ திருடியிருக்கலாமே என்றார். வாதம் சரிதான். ஆனால் வாயிற்காவலனிடமே தன்னை ‘இணையரிச் சிலம்பு ஒன்று ஏந்திய கையள்’ என்று சொல்லி அனுப்பியவள் அவள். இணையின் மற்றொன்று அவள் கையில் இருக்கிறது. அதற்கும் மேல், கோவலன்மேல் இருந்த குற்றச்சாட்டு அரண்மனைச் சிலம்பைத் திருடினான் என்பது ஒன்றே. அது விழுவதற்கு முதல் முடிவே போதும்.

யானே கள்வன்

அரசன் சொல்வது: ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன்? யானே கள்வன்.’ உணர்ச்சிப் பெருக்கில் வந்த சொல் என்று இதைத் தாண்டிவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் இதுவும் வாதம்தான், அன்றைய நாளில் சொல்லப்பட்ட வாதங்களிலேயே குறை இல்லாதது. பக்கம், யானே கள்வன். ஏது, ‘கேட்ட’ என்ற ஒரு பெயரெச்சம். அடுத்து ‘கெடுக என் ஆயுள்’ என்கிறான். இந்தத் தண்டனை எங்கிருந்து வந்தது? சற்று முன் தானே சொன்ன பொதுவிதியிலிருந்து. கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று. விதி அப்படியே நிற்கிறது; கண்ணகி அதை அசைக்காமல் விட்டதால்தான் நிற்கிறது. நடுவாக்கியத்தில் ஆள் மட்டும் மாறிவிட்டான். தன்னைக் காக்க எடுத்த விதியே, அதே வேலையை அதே இடத்தில் நின்று செய்து, அவனைக் கொண்டுபோகிறது.

போன முறை இந்த வகுப்பு முடியும் தறுவாயில், அந்தக் குளிர்க் கேள்வி கேட்ட பெண் கையைத் தூக்கினாள். “சார், கண்ணகி பேச்சுல பக்கம் எது? அவங்க எங்கேயுமே ‘நீ தப்புப் பண்ணிட்ட’ன்னு ஒரு வாக்கியமாச் சொல்லலையே.”

வரிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். அவளே கண்டுபிடித்துவிட்டாள். கண்ணகி வாயைத் திறந்ததும் வரும் முதல் சொல்லே அதுதான்: ‘தேரா மன்னா.’ ஆராயாத மன்னனே. அழைக்கிற சொல்லாக வந்துவிட்டதால் நாம் அதை வாதத்தில் சேர்ப்பதில்லை. புறாவும் பசுவும் புகாரும் என்காற் சிலம்பும் மணியும் எல்லாமே அந்த ஒரு பெயரெச்சத்தைத் தாங்கத்தான் வரிசையாக வருகின்றன. பலகையில் ‘தேரா’ என்று எழுதி, அதற்கு நேர் எதிரே அரசனின் ‘கொல்லன் தன்சொல் கேட்ட’ என்பதை எழுதினாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டு உட்கார்ந்தாள்.